அண்டி ஆபீஸில் தீப்பிடித்தால் முதலில் யார் கத்துவது?

மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில், வெளியூர்க்காரர்களுக்கு முந்திரி ஆலை என்று சொன்னால் புரியும், எட்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்தேன். அங்கே சுவரில் அவசரகாலத் திட்டம் என்று ஒரு சார்ட்டை பிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். முதல் வரி: 'மேலாளரிடம் தெரிவிக்கவும்'. பருப்பு காயவைக்கிற போர்மாவில் புகை வந்த அன்றைக்கு மேலாளர் பேங்குக்குப் போயிருந்தார். புகையை முதலில் பார்த்த அக்கா என்னைத் தேடி அண்டி வெட்டுகிற கட்டிங் பகுதிக்கு வந்து, அங்கே நான் இல்லை என்றதும் தொலி உரிக்கிற ஹாலுக்கு ஓடி, ஒருவழியாக என்னைப் பிடிப்பதற்குள் நாலு நிமிஷம் போய்விட்டது.

அதனால் திட்டத்தில் முதல் வரியை மாற்றுங்கள். பார்த்தவர் கத்தலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். ஒன்றுமில்லாத புகைக்குக் கத்திவிட்டார் என்று ஒரு தடவை திட்டினீர்கள் என்றால் அடுத்த தடவை ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். மிஷின் சத்தத்தில் குரல் கேட்காது, கரண்ட் போனால் சைரனும் ஊதாது, ஆகவே கையால் அடிக்கிற ஒரு மணியும் தொங்கட்டும்.

போர்மா என்பது பருப்பு தட்டுத் தட்டாக மணிக்கணக்கில் சூட்டில் காய்கிற அறை. நிறைய இடங்களில் அடுப்பில் எரிவது அண்டித்தோடு, அதாவது முந்திரிக்கொட்டையின் ஓடுதான், அதில் எண்ணெய் இருப்பதால் பிடித்தால் லேசில் அடங்காது. உள்ளே புகையைக் கண்டதும் பருப்பைக் காப்பாற்ற கதவைத் திறக்கத்தான் கை போகும். திறக்காதீர்கள். காற்று உள்ளே போனதும் தீ நேராக முகத்துக்கு வரும். கதவைச் சாத்தியபடியே விட்டு, கிட்டப் போக முடிந்தால் காற்று வழியை அடைத்து, மெயினை ஆஃப் செய்துவிட்டு 101-க்கு அடியுங்கள். வழிந்து எரிகிற தோட்டு எண்ணெயில் குடத்துத் தண்ணீரை ஊற்றினால் தீ தெறித்துப் பரவும், மணல் போடுங்கள்.

தீயணைப்பு சிலிண்டரை நம்பலாம், ஆனால் அளவோடு. கையில் தூக்குகிற பவுடர் சிலிண்டர் அரை நிமிஷத்துக்குள் காலியாகிவிடும். பின்னை உருவி, தீயின் அடியைக் குறிவைத்து, இருபக்கமும் வீசி அடிக்க வேண்டும். உங்கள் முதுகுப் பக்கம் வாசல் இருக்க வேண்டும், அது முக்கியம். ஒரு சிலிண்டரில் அணையவில்லையா, விட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

வெளியே வந்தபிறகுதான் எங்களுக்கு உண்மையான குழப்பம். மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், 62 பேர், ரப்பர் மரத்தடியில் எண்ணினால் 59. ஒருத்தர் அரை நாள் லீவு, மஸ்டரில் பெயரைக் கோடு போட்டு அடிக்கவில்லை. ஒருத்தர் பாத்ரூம் பக்கம் நின்றார். மூன்றாவது சேச்சி மறுபடியும் உள்ளே போய்க்கொண்டிருந்தார், "எனக்க போனு உள்ள கெடக்கு சாரே, பையன் விளிப்பான்" என்று. கையைப் பிடித்து இழுத்து வந்தோம். அதற்கப்புறம் போன் வைக்கிற ரேக்கை வாசலுக்கு வெளியே மாற்றினோம், இடையில் போகிறவர் பெயரை அந்த நிமிஷமே மஸ்டரில் அடிப்பது என்று வைத்தோம். மஸ்டரைத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு ஆள், அவர் இல்லாவிட்டால் இன்னொரு ஆள். கூடுகிற இடம் கேட் பக்கம் வேண்டாம், வண்டி உள்ளே வர வேண்டும். கேட்டுக்குள் லோடு லாரியைக் குறுக்கே நிறுத்துகிற பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள்.

101, 108, எதற்குக் கூப்பிட்டாலும் கம்பெனி பெயரைச் சொல்லி ஒரு பயனும் இல்லை. எந்த ரோடு, எந்தக் குருசடிக்கு (சிலுவை வைத்த சின்னக் கோயில்) அடுத்த இடவழி (சந்து), பெரிய வண்டி நுழையுமா, இதைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஒரு பையனை பைக்கில் முக்குக்கு அனுப்புங்கள். நம் ஊர் இடவழிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

தீக்காயத்துக்கு ஓடுகிற பச்சைத் தண்ணீர், 20 நிமிஷம். பேஸ்ட், மை, ஐஸ் எதுவும் கூடாது. சேலை தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், வளையலை மட்டும் வீங்குவதற்கு முன்னால் கழற்றிவிடுங்கள். தோட்டு எண்ணெய் கண்ணில் பட்டால் கண்ணைத் திறந்துவைத்து கால் மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

புயலுக்கு வேறு கணக்கு. 2017 நவம்பர் 30, ஒக்கி அன்றைக்கு, வேலைக்கு வந்துவிட்ட பெண்களை அனுப்புவதா வைத்திருப்பதா என்று தெரியாமல் முழித்தோம். ரோட்டில் மரமும் கம்பியும் விழுந்து கிடக்கும்போது அனுப்புவது தப்பு. கான்கிரீட் கூரை உள்ள ஒரு அறை, குடிதண்ணீர், டார்ச், வீட்டு ஆட்களின் நம்பர்களை எழுதிய ஒரு நோட்டு, இவ்வளவும் முன்கூட்டியே இருக்கட்டும். போன் செத்துப்போனால் அந்த நோட்டுதான் இருக்கும்.

ஒத்திகையை சனிக்கிழமை சம்பளம் கொடுப்பதற்குச் சற்று முன்னால் வையுங்கள். அன்றைக்கு யாரும் லீவு போடமாட்டார்கள்.