ரேடியாலஜி டெக்னாலஜி: படிக்கும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தப் படிப்புக்கு வருகிறவர்களில் பலருக்குச் சேரும்போதே சிடி, எம்ஆர்ஐ மேல்தான் கண். சாதாரண எக்ஸ்ரே வெறும் பட்டன் அழுத்துகிற வேலை என்று நினைக்கிறார்கள். கை பழக வேண்டிய இடமே அதுதான்.

அடுத்தது, இயற்பியலைத் தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்வது. தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் செறிவு நான்கில் ஒரு பங்காகும் என்று எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். வார்டில் மொபைல் எக்ஸ்ரே எடுக்கும்போது ஓரடி பின்னால் தள்ளி நிற்பது ஏன் முக்கியம் என்பதும் அதே விதிதான். கேவிபி (எக்ஸ்ரே குழாய்க்குக் கொடுக்கும் மின்னழுத்தம்) கதிரின் ஊடுருவும் திறனை மாற்றும், எம்ஏஎஸ் (மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கியது) அதன் அளவை மாற்றும். எதை எப்போது கூட்டுவது என்று தெரியாமல், முன்பே பதிந்துவைத்த அளவுகளை மட்டும் நம்பினால் பருமனான நோயாளியோ சிறு குழந்தையோ வரும்போது தடுமாற வேண்டியதுதான்.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. ஃபிலிம் காலத்தில் கதிர் அதிகமானால் படம் கறுத்துவிடும், தவறு உடனே தெரியும். டிஜிட்டலில் மென்பொருள் அதைச் சரிசெய்து காட்டிவிடுகிறது. கதிர் குறைந்தால்தான் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும். கூடினால் படம் இன்னும் பளிச்சென்று வரும். அதனால் ‘கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’ என்று கை தானாகப் பழகிவிடுகிறது. படம் நன்றாக வந்ததற்காக யாரும் திட்டப்போவதில்லை, நோயாளியின் உடல்தான் அதை வாங்கிக்கொள்கிறது. மாணவராக இருக்கும்போதே ஒவ்வொரு படத்திலும், டிடெக்டரில் எவ்வளவு கதிர் விழுந்தது என்று காட்டும் எண்ணான எக்ஸ்போஷர் இண்டெக்ஸைப் பார்க்கப் பழகுங்கள்.

பொசிஷனிங்கில், அதாவது படத்துக்கு நோயாளியைச் சரியாக நிறுத்துவதில், அவசரப்படுகிறவர்களும் அதிகம். நெஞ்சுப் படத்தில் இரண்டு காறை எலும்புகளின் உள்முனைகளும் முதுகெலும்பின் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உடல் சற்றுத் திரும்பியிருந்தாலே ஒரு நுரையீரல் மற்றதைவிடக் கறுப்பாகத் தெரியலாம், இதயத்தின் வடிவமும் மாறித் தெரியும். வலது, இடது மார்க்கரைப் படம் எடுக்கும் முன்பே வையுங்கள். கணினியில் பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்ற அலட்சியத்தில்தான் பக்கம் மாறுகிறது.

உடலில் படும் கதிரை அளக்க அணிகிற பேட்ஜை லாக்கரில் விட்டுவிட்டு வேலை பார்ப்பது வீண் வீரம். அது கதிரைத் தடுக்காது, அளக்க மட்டுமே செய்யும் என்பது சரிதான். ஆனால் ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட் என்ற சர்வதேசப் பரிந்துரை வரம்புக்குள் இருக்கிறீர்களா என்பது வேறு எப்படித் தெரியும்? எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இல்லைதான்; ஆனால் ஸ்கேன் நடக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் வேலை செய்துகொண்டே இருக்கும். இரும்பை இழுத்துவிடும் என்பதால் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போய்விடாதீர்கள்.

அப்புறம், கல்லூரி. படிப்புக்கு அங்கீகாரம் உண்டா, அந்தச் சான்றிதழை வைத்து வேலைக்கான பதிவோ உரிமமோ பெற முடியுமா என்று பணம் கட்டும் முன்பே விசாரியுங்கள். மருத்துவமனைப் பயிற்சி எங்கே, எத்தனை மணி நேரம், நோயாளியை நிறுத்திப் படம் எடுக்க மாணவரை விடுவார்களா என்றும் கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.