புது ஆர்பிஜியா? முதலில் விதிகளில் கை வைக்காதீர்கள்

போன வாரம் ஒரு புதுக் குழு பிளேட்ஸ் இன் த டார்க் என்ற ஆர்பிஜியை (ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டு) ஆட உட்கார்ந்தது. நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். பகடை இன்னும் உருளவில்லை, அதற்குள் ஆட்டத்தை நடத்தும் ஜிஎம் சொல்கிறார்: "இந்த ஸ்ட்ரெஸ் சமாச்சாரத்தை எடுத்துட்டேன். டி அண்ட் டி மாதிரி ஹிட் பாயின்ட் வச்சுக்கலாம்." ஸ்ட்ரெஸ் என்பது கேரக்டரின் மன அழுத்தக் கணக்கு; ஹிட் பாயின்ட், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எனும் டி அண்ட் டியின் உயிர்க் கணக்கு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. சில வருஷங்களுக்கு முன் இதே வேலையைச் செய்தவன் நான்.

நேரத்துக்கு வா, கேரக்டர் ஷீட்டைத் தொலைக்காதே என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் செய்யும் தவறுகள்தான் கீழே.

ஆடும் முன்பே விதியைத் திருத்துவது

டி அண்ட் டியில் ஊறிப்போன குழு எங்களுடையது. பிளேட்ஸ் 2017இல் வந்த, திருட்டுக் கும்பலைப் பற்றிய விளையாட்டு. ரூல்புக்கைப் புரட்டியதுமே மூன்று விஷயங்கள் என்னை உறுத்தின. கொள்ளைக்கு நீளமாகத் திட்டம் போட வேண்டாமாம். எந்த வகைத் திட்டம், அதில் ஒரே ஒரு விவரம், இவ்வளவு சொன்னால் போதும், ஒரு உருட்டலோடு நேராகக் காட்சிக்குள் குதித்துவிடலாம். பையில் என்னென்ன என்று எழுத வேண்டாம். சுமை எவ்வளவு என்று மட்டும் முடிவு செய்துவிட்டு, தேவைப்படும்போது "கயிறு கொண்டுவந்திருக்கேன்" எனலாம். மூன்றாவது ஃபிளாஷ்பேக். மாட்டிக்கொண்ட பிறகு, "இந்தக் காவலாளிக்கு நேத்தே காசு கொடுத்துட்டேன்" என்று சொல்லலாமாம். சுத்த அழுகுணி ஆட்டமாகப் பட்டது. மூன்றையும் தூக்கினேன்.

மாளிகையின் வரைபடத்தை விரித்துவைத்து மூன்று மணி நேரம் திட்டம் போட்டோம். முதல் உருட்டலில் 2 விழுந்தது. காவலாளி பார்த்துவிட்டான், திட்டம் அத்தோடு சரி. மீள ஒரு வழியும் இல்லை. இருந்த வழியைத்தான் நானே வெட்டிவிட்டேனே. "மொக்க கேம்" என்று தீர்ப்பாகி புத்தகம் அலமாரிக்குப் போனது. இரண்டு வருஷம் தொடவில்லை.

பிறகு வேறொரு மேஜையில், விதிகளில் எழுதியிருந்தபடியே ஆடியபோதுதான் கணக்குப் புரிந்தது. அங்கே 6 வந்தால் காரியம் சுத்தமாக முடியும். 4, 5 வந்தால் முடியும், கூடவே ஒரு சிக்கலும் வரும். அதற்குக் கீழே சொதப்பல். எப்பேர்ப்பட்ட திட்டமும் பாதியில் பிய்ந்துவிடும் என்பது பகடையிலேயே இருக்கிறது. பிய்ந்த இடத்தில் ஒட்டுப்போடத்தான் ஃபிளாஷ்பேக். அதுவும் எப்போதும் சும்மா கிடைக்காது. ஏற்பாடு எவ்வளவு நம்ப முடியாததோ அவ்வளவு ஸ்ட்ரெஸ் ஏறும். ஒன்பது கட்டமும் நிரம்பினால் கேரக்டருக்கு ட்ராமா எனும் மனக்காயம், அது ஆறவே ஆறாது. நான் அழுகுணி என்று நினைத்ததற்கு விலை பக்கத்துப் பத்தியிலேயே எழுதியிருந்தது. படித்தும் இருந்தேன், எரிச்சலே அதுதான்.

ஹவுஸ் ரூலே (நாமாக மாற்றிக்கொள்ளும் விதி) கூடாது என்று சொல்லவில்லை. மூன்று செஷன் புத்தகத்தில் உள்ளபடி ஆடிவிட்டு மாற்றுங்கள். அந்த ஜிஎம்மிடமும் இதைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே ஷீட்டில் "ஹிட் பாயின்ட் 10" என்று எழுதினார்.

தோற்றதும் லோட் செய்வது

கணினியிலும் இதே வியாதிதான். 2019இல் வந்த டிஸ்கோ எலிசியத்தில் தனியாகச் சண்டைத் திரை கிடையாது. 24 திறன்கள் துப்பறிவாளனின் தலைக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும். பழக்கதோஷத்தில் ஒவ்வொரு தோல்விக்கும், சேமித்துவைத்த பழைய சேவை லோட் செய்யப் பின்னால் ஓடினேன். அசிங்கப்படும் காட்சிகளில்தான் எழுத்து அட்டகாசமாக இருக்கிறது என்று ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தது. (முதல் அறையில் மின்விசிறியில் சுற்றும் டையை எடுக்கப் போய் மாரடைப்பில் செத்தால் லோட் செய்துதான் ஆக வேண்டும். அது வேறு கதை.)

முதல் நாளே துணைப் புத்தகங்களை வாங்குவது

பல விளையாட்டுகளுக்கு இலவசக் குவிக்ஸ்டார்ட் (சுருக்கமான தொடக்கக் கையேடு) உண்டு. அதை ஆடி முடியுங்கள்.

1997 ஃபால்அவுட்டில் ஊர் சுற்றுவது

இந்தக் கணினி ஆட்டத்தில் தண்ணீர் சிப்பைத் தேடிக் கொண்டுவர 150 நாள்தான் கெடு.

கால் ஆஃப் கதுல்ஹு என்ற திகில் ஆர்பிஜியில் பூதத்தோடு மோதுவது

ஓடுங்கள்.