ஒரு லிட்டர் கடல்நீரை வைத்து மீன்களைக் கணக்கெடுப்பது எப்படி

சிங்கப்பூர்க் கடலில் முக்குளித்து மீன் எண்ணுவது லேசான வேலையில்லை. தண்ணீர் கலங்கல், பல நாள் சில மீட்டருக்கு அப்பால் பச்சை மூட்டம்தான் தெரியும், பாறை இடுக்கில் இருக்கும் கலவாவும் மணலோடு மணலாய்ப் படுத்திருக்கும் திருக்கையும் நாம் நெருங்குவதற்குள் நழுவிவிடும். ஆனால் மீன் போன பிறகும் அதன் வழுவழுப்பு, செதில் துணுக்கு, கழிவு எல்லாம் தண்ணீரில் கொஞ்ச நேரம் கிடக்கும். அதிலிருக்கும் டிஎன்ஏவைப் பிடித்தால் எந்த மீன் வந்து போனது என்று சொல்லிவிடலாம்.

முதலில் அனுமதி. சிஸ்டர்ஸ் தீவுகள் 2014ல் அறிவிக்கப்பட்ட கடல் பூங்கா, அங்கே மாதிரி எடுக்க வேண்டுமானால் தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். உபின் தீவின் செக் ஜாவாவுக்கும் அப்படித்தான்.

அப்புறம் சுத்தம். நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான். ஒருமுறை எங்கள் குழுவின் வெற்று மாதிரியில், அதாவது கடல்நீரே படாத சுத்தத் தண்ணீர் போத்தலில், வஞ்சிர மீனின் டிஎன்ஏ வந்தது. யோசித்துப் பார்த்தால், தேக்கா சந்தையில் மீன் வாங்கிவந்த அதே ஐஸ் பெட்டியைக் கழுவிவிட்டு மாதிரிக்கும் கொண்டுபோயிருக்கிறோம். அன்றைக்கு எடுத்த எல்லாப் போத்தல்களின் முடிவும் சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. அதனால் இந்த வேலைக்கென்று தனிப் பெட்டி வையுங்கள், சாமான்களைப் பத்து மடங்கு நீர்த்த ப்ளீச்சில் பத்து நிமிடமாவது ஊறவைத்து நன்றாக அலசுங்கள், ஒவ்வொரு இடத்துக்கும் கையுறையை மாற்றுங்கள், வெற்று மாதிரி இல்லாமல் கரையை விட்டுக் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

தண்ணீரில் இறங்கினால் நீரோட்டத்தைப் பார்த்து நின்று, உங்களுக்கு முன்னால் இருக்கும் தண்ணீரை எடுங்கள், அப்போதுதான் காலால் கிளறிய சேறு போத்தலுக்குள் வராது. மூடியைத் தண்ணீருக்குள் திறந்து, நிரம்பியதும் அங்கேயே மூடுங்கள். ஓர் இடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் மூன்று போத்தல். நீர் ஏறுகிறதா வற்றுகிறதா, மணி என்ன, மழை பெய்ததா என்பதையெல்லாம் உடனே எழுதிவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மார்க்கர் மை எத்தனால் பட்டால் கரைந்து போகும்.

நம் கடல்நீர் வருடம் முழுக்க 30 டிகிரியை ஒட்டியே இருப்பதால் டிஎன்ஏ சீக்கிரம் சிதையும். போத்தல்களை ஐஸில் வைத்து, அன்றைக்கே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள் 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்துவிடுங்கள். சேறு அடைத்துக்கொள்ளும், அது சகஜம். பம்பை முறுக்கி அழுத்தாமல் அரை லிட்டரில் நிறுத்தி, அடுத்த வடிகட்டியைப் போட்டு, எவ்வளவு வடித்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வடிகட்டியை எத்தனாலில் அல்லது மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

மிச்சம் ஆய்வகத்தின் வேலை. மீன்களுக்குப் பெரும்பாலும் 2015ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட மைஃபிஷ் பிரைமர்களை, அதாவது மீன் டிஎன்ஏவில் வேண்டிய பகுதியை மட்டும் பிடித்துப் பெருக்க உதவும் சிறு டிஎன்ஏ துணுக்குகளைப் பயன்படுத்தி, 12எஸ் என்ற மரபணுவில் ஏறத்தாழ 170 எழுத்து நீளத் துண்டைப் பெருக்கி, ஏற்கெனவே தெரிந்த மீன்களின் டிஎன்ஏ தரவுத்தளத்தோடு ஒப்பிடுவார்கள்.

பட்டியல் கைக்கு வந்ததும் அவசரப்படாதீர்கள். நெருங்கிய உறவுள்ள சில மீன்களை இந்தச் சின்னத் துண்டால் பிரிக்க முடியாது. ஒரு மீனின் டிஎன்ஏ நிறைய வந்தால் அந்த மீன் அத்தனை இருக்கிறது என்றும் எண்ணக் கூடாது, அதன் அளவோ வயதோ இதில் தெரியாது. உபின் பக்கம் கொடுவா வந்தால் அருகிலிருக்கும் மீன்பண்ணைக் கூண்டுகளை நினைத்துப் பாருங்கள், அது காட்டுக் கொடுவாதான் என்று இந்தத் தண்ணீர் சொல்லாது. எதோடும் பொருந்தாத டிஎன்ஏ வரிசைகளை அழித்துவிடாமல் மூலக் கோப்பைப் பத்திரமாக வையுங்கள். தரவுத்தளத்தில் புது மீன்கள் சேரும்போது அதையே மறுபடி ஒப்பிடலாம், தண்ணீர் எடுக்க இன்னொரு முறை படகு ஏற வேண்டியதில்லை.