தமிழ்ப் பெயர்ப்பட்டியலை எக்செலுக்குள் சிதையாமல் கொண்டுவருதல்

தமிழ்ப் பெயர்களும் பிறந்த தேதிகளும் கொண்ட சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் நெடுவரிசைகளைப் பிரித்த வெற்று உரைக்கோப்பை) இருமுறை சொடுக்கித் திறந்ததும், பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் சாய்கோடு இட்ட இலத்தீன் 'ஏ' எழுத்தும் வட்டத்துக்குள் அடைபட்ட 'ஆர்' குறியும் திரும்பத் திரும்பத் தோன்றினால், கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறைக்குக் குறியேற்றம் என்று பெயர். யூனிகோடின் யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. எக்செல் அதை விண்டோஸின் பழைய 1252 குறியேற்றம் என்று கொண்டு, பைட்டுக்கு ஓர் எழுத்தாகப் படித்துவிடுகிறது. தரவு அப்படியே இருக்கிறது. படித்த முறைதான் தவறு.

அந்த நிலையில் எதையும் சேமிக்காமல் மூடிவிடுங்கள். மூலக்கோப்பைத் தொடாமல் வைத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். தமிழ் சரியாகத் தெரியும் தாளையே சாதாரண சிஎஸ்வி வகையில் சேமித்தால் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். அதன்பின் அந்தக் கோப்பிலிருந்து பெயர்களை மீட்க வழியே இல்லை.

வெற்றுத் தாளைத் திறந்து, 'டேட்டா' பட்டியலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். முன்னோட்டச் சாளரத்தில் 'ஃபைல் ஒரிஜின்' என்ற இடத்தில் '65001: யூனிகோட் (யுடிஎஃப்-8)' என்று மாற்றியதுமே பெயர்கள் தமிழில் தெரியும். அதே சாளரத்தில், தரவு வகையைத் தானாகக் கண்டறிய வேண்டாம் என்ற தெரிவையும் இப்போதே இட்டுவிடுங்கள். இதனால் எல்லா நெடுவரிசைகளும் உரையாகவே வரும். தொலைபேசி எண்ணின் முதல் பூச்சியம் உதிராது, எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் துல்லியமாக வைத்திருக்க முடியாத 16 இலக்க அட்டை எண்களும் பிழைத்துக்கொள்ளும்.

எழுத்துச் சிதைவைவிட அஞ்ச வேண்டியது தேதிதான், ஏனெனில் அதன் பிழை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நம் வழக்கில் 03/04/2023 என்பது ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பில் உள்ள கணினிக்கு அது மார்ச் 4. ஆனால் 25/04/2023 என்பதில் 25 மாதமாக முடியாது என்பதால், இருமுறை சொடுக்கித் திறந்த தாளில் அது உரையாகவே தங்கி இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும். தவறாக மாறியவையோ முறையான தேதிகளைப் போல வலப்பக்கம் நிற்கும். ஒரே நெடுவரிசை இப்படி இருபுறமும் பிரிந்து நின்றால், இடப்பக்கத்தில் உள்ளவற்றை மட்டும் திருத்தி நிறைவடைந்துவிடாதீர்கள். பிழையானவை வலப்பக்கத்தில் உள்ளவையே. ஆகவே மூலக்கோப்பிலிருந்து மீண்டும் ஏற்றுவதுதான் நம்பகமான தீர்வு. முன்னோட்டச் சாளரத்தில் 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா'வை அழுத்தித் திறக்கும் சாளரத்தில் நெடுவரிசையின் வகையை மாற்றும்போது 'யூசிங் லோகேல்' என்பதைத் தேர்ந்து, தேதி வகையையும் நாட்டையும் குறிப்பிடுங்கள். அங்கே கேட்கப்படுவது உங்கள் நாடு அன்று, கோப்பு உருவான நாடு. ஜெர்மனியிலிருந்து வந்த கோப்பில் 1.234,56 என்றிருப்பது ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கும் சொச்சமும் என்பதையும் இதே தெரிவு கவனித்துக்கொள்ளும். எக்செல் போன்ற இலவச விரிதாள் மென்பொருளான லிபர்ஆஃபிஸ் கால்க், கோப்பைத் திறக்கும்போதே குறியேற்றம், மொழி, நெடுவரிசைகளைப் பிரிக்கும் பிரிகுறி மூன்றையும் கேட்டுவிடுகிறது; இந்த வேலைக்கு நான் அதையே விரும்புகிறேன்.

குறியேற்றத்தை எப்படி மாற்றினாலும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரிந்தால், அது இலங்கையில் பரவலாகப் புழங்கிய பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டதாக இருக்கலாம். அங்கே 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே கோப்பில் இருக்கும். பாமினியில் அரைப்புள்ளியே மெய்ப்புள்ளி, காற்புள்ளியே 'இ'. ஆகவே மேற்கோள் குறிக்குள் அடைக்காத கோப்பில் 'இலங்கை' என்று எழுதிய இடத்திலெல்லாம் நெடுவரிசை உடையும். அனுப்பியவரிடம் தாவல் (டேப்) பிரிகுறியிட்ட கோப்பைக் கேட்டு வாங்கி, எழுத்துருமாற்றியில் யூனிகோடாக்கிய பின்னரே ஏற்றுங்கள்.

எல்லாம் சரியாகத் தெரிந்தும் இரு பட்டியல்களில் ஒரே பெயர் பொருந்தவில்லையென்றால், 'கொ' போன்ற எழுத்துகளைச் சோதியுங்கள். ஒற்றை ஒகரக் குறியாக இட்டிருந்தால், குறிகளை எண்ணும் எக்செலின் 'லென்' சார்பு 2 என்று காட்டும். கொம்பும் காலும் தனித்தனியாக இட்டிருந்தால் 3 என்று காட்டும். பின்னதை முன்னதாக மாற்றிவிட்டு மீண்டும் ஒப்பிடுங்கள்.