ஐப்பசியில் சிறு பிள்ளைகளோடு மலைக்கு: நீலகிரியா, கொடைக்கானலா?

ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் பள்ளிகளுக்கு விடப்படும் இலையுதிர்கால விடுமுறை அக்டோபர் மாதத்தில் வருகிறது. அந்த ஒன்றிரண்டு வாரங்களில் தாயகம் வந்து, உறவினர் வீடுகளுக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் போனது போக மிஞ்சுகிற மூன்று நான்கு நாள்களைப் பிள்ளைகளோடு மலையில் கழிக்க விரும்பும் குடும்பங்கள் பல. உதகையா, கொடைக்கானலா என்ற கேள்வி அவர்களுக்குத்தான் எழுகிறது. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை ஒப்பிட்டு இதற்கு விடை காண முயல்வது வீண் வேலை. ஏரி, பூங்கா, அருவி, காட்சிமுனை என்று இரண்டு மலைகளிலும் இருப்பவை ஏறக்குறைய ஒரே வகையானவை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு காட்சிமுனைக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வேறுபாடு தெரியப்போவதும் இல்லை. எந்த வாரத்தில் போகிறோம், எந்தப் பாதையில் ஏறுகிறோம், எந்த உயரத்தில் தங்குகிறோம் என்பவற்றை வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

முதலில் மழை. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அக்டோபர் என்றால் இலை பழுக்கும் மாதம். தமிழ்நாட்டில் அது அடைமழை தொடங்கும் மாதம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்குகிறது. நீலகிரியின் மேற்குப் பகுதியான கூடலூரும் பந்தலூரும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நனைந்து முடித்திருக்க, கிழக்குச் சரிவில் உள்ள குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெருமழை அக்டோபரிலும் நவம்பரிலும்தான் பெய்கிறது. இரண்டுக்கும் இடையில் உள்ள உதகை இரு பருவங்களிலும் பங்கு பெறுகிறது. கொடைக்கானலிலும் மழை மிகுதியாகப் பெய்வது இந்த இரண்டு மாதங்களில்தான். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையால் நேர்ந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் பகுதியில் மரங்களைச் சாய்த்துப் பாதைகளை அடைத்தது. இவை ஒவ்வோர் ஆண்டும் நிகழ்வன அல்ல என்றாலும், மலைப்பாதையில் மண் சரிந்து சில மணி நேரம் போக்குவரத்து நிற்பது இந்தப் பருவத்தில் அரிதான செய்தியும் அன்று.

ஆகவே விடுமுறை அக்டோபரின் முதல் இரண்டு வாரங்களில் வந்தால் தயங்காமல் திட்டமிடலாம். உதகையில் 'இரண்டாம் சீசன்' எனப்படும் அந்த நாள்களில் தாவரவியல் பூங்காவின் மலர்ப்பாத்திகளும் நன்றாக இருக்கும். சரசுவதி பூசையை ஒட்டிய தொடர் விடுமுறையும் காலாண்டுத் தேர்வு விடுமுறையும் எந்த நாள்களில் வருகின்றன என்பதை மட்டும் பார்த்து, அவற்றைத் தவிர்த்துவிட வேண்டும். 20ஆம் தேதிக்குப் பிறகு என்றால், கட்டணத்தைத் திருப்பித் தரும் விதி உள்ள விடுதியை மட்டுமே பதிவு செய்து, கிளம்பும் முன் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். மஞ்சள் எச்சரிக்கைக்குக் குடை போதும். ஆரஞ்சு எச்சரிக்கை இருந்தால் பிள்ளைகளோடு மலையேற வேண்டாம் என்பது என் கருத்து. மழையால் மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்திருந்தால் அதற்குமேல் யோசிக்க எதுவும் இல்லை. உள்ளூர்ப் பிள்ளைகளையே வீட்டில் இருக்கச் சொல்லும் நாளில் நம் பிள்ளைகளை வளைவுப் பாதையில் ஏற்றிச் செல்வதற்கு நியாயம் கிடையாது.

அடுத்தது, எங்கே வந்து இறங்குகிறோம் என்பது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் உறவினர் இருப்பவர்களுக்கு நீலகிரியும், மதுரை, திண்டுக்கல், தேனி பக்கத்தவர்களுக்குக் கொடைக்கானலும் இயல்பான தேர்வு. மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். கோயம்புத்தூரிலிருந்து உதகை 85 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்று பழனி, உடுமலை, கோவை வழியாக ஒரு மலையிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறும் திட்டத்தைப் பயண முகவர்கள் சிலர் விற்கிறார்கள். ஒரு முழுப் பகலை வண்டியிலேயே கழிக்க வைக்கும் அந்தத் திட்டம் பெரியவர்களுக்கே அலுப்பு. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது தண்டனை.

மலைப்பாதையில் பல பிள்ளைகளுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் வழியாகக் குன்னூர் செல்லும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கோத்தகிரி வழியில் போக்குவரத்தும் குறைவு, வளைவுகளும் அவ்வளவு நெருக்கமில்லை. சற்றுச் சுற்றானாலும் சிறு பிள்ளைகள் இருந்தால் அதையே கேட்டு வாங்குவது நல்லது. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறும் செங்குத்தான பாதையில் 36 வளைவுகள். அதைப் பிள்ளைகள் வளரும் வரை தள்ளிப்போடலாம். கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழியே அகலமான பாதை. பழனியிலிருந்து ஏறும் 64 கிலோமீட்டர் பாதை அழகானது, ஆனால் வளைவுகள் ஓயாதவை. எந்தப் பாதையானாலும் காலையில், பாலும் எண்ணெய்ப் பலகாரமும் தவிர்த்து, இரண்டு இட்லியோடு கிளம்பி, முக்கால் மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி இறங்கி நிற்கச் செய்தால் பாதித் தொல்லை குறையும். வாந்தி மருந்து தேவைப்படும் என்று தோன்றினால், பிள்ளையின் எடைக்கு ஏற்ற அளவை, வாழும் நாட்டிலேயே குழந்தை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வாடகை வண்டிகளில் குழந்தை இருக்கை கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். இருக்கைப் பட்டையால் கட்டக்கூடிய வகையை வாழும் நாட்டிலிருந்தே கொண்டுவருவது சிறந்தது. பெரும்பாலான விமான நிறுவனங்கள் அதைத் தனிக் கட்டணமின்றி ஏற்றிக்கொள்கின்றன. ஆனால் இங்கு பல வண்டிகளில் பின்னிருக்கைப் பட்டையின் கொக்கி மெத்தை உறைக்குள் புதைந்து கிடக்கும். முன்பதிவு செய்யும்போதே, 'பின்னால் பெல்ட் போட முடிகிற மாதிரி எடுத்து வையுங்கள்' என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டால், விமான நிலைய வாசலில் நள்ளிரவில் உறையைக் கழற்றும் வேலை மிச்சம்.

மலை ரயிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிள்ளைகளுக்காக நீலகிரியைத் தேர்ந்தெடுப்பவர்களில் பாதிப் பேர் அதற்காகவே வருகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகை வரை 1908இலும் ஓடத் தொடங்கிய இந்த 46 கிலோமீட்டர் பாதையை யுனெஸ்கோ 2005இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தில் எஞ்சினின் பற்சக்கரம் பிடித்து ஏறுவதால் வேகம் மிகக் குறைவு; காலை ஏழு மணியளவில் கிளம்பும் வண்டி உதகையை அடைய ஐந்து மணி நேரம் வரை ஆகும். பெட்டிகளில் கழிப்பறையை நம்பி ஏறக் கூடாது. இடையில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் நிலையங்களில்தான் இறங்க வேண்டும். டயபர் விட்டுச் சில மாதங்களே ஆன பிள்ளையோடு இந்த ஐந்து மணி நேரம் எப்படிக் கழியும் என்பதைப் பெற்றோர் ஊகித்துக்கொள்ளலாம். மேலும் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மழையில் மண் சரிந்து வண்டி ரத்தாவது இந்தப் பருவத்தில் அடிக்கடி நடக்கிறது. ஆகையால் குன்னூரிலிருந்து உதகை வரையுள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதே அறிவுடைமை. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஒன்றேகால் மணி நேரம். ஒரு நாளில் பல வண்டிகள். கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டங்கள் சாளரத்துக்கு வெளியே விரியும். இந்தப் பகுதியில் நீராவி எஞ்சின் இல்லை, டீசல்தான். புகைவண்டி என்று வாக்களித்துப் பிள்ளையை அழைத்துச் செல்ல வேண்டாம்.

தங்குவதற்கு உதகை நகரத்தைவிடக் குன்னூரையோ கோத்தகிரியையோ பரிந்துரைப்பேன். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்க, குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர். இந்த வேறுபாட்டால் இரவுக் குளிர் சற்றுத் தணிகிறது, நெரிசலும் குறைவு. குளிர்நாட்டில் வாழ்பவர்கள் பத்துப் பன்னிரண்டு டிகிரியைப் பொருட்படுத்துவதில்லை; ஆனால் அங்கே வீடு முழுவதும் சூடாக இருக்கும், இங்கே சுவரே ஈரமாக இருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். அறையில் மின் ஹீட்டர் தருவார்களா, வெந்நீர் எந்தெந்த நேரத்தில் வரும், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா என்று கேட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். குளிர் காய்வதற்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவடைத்துத் தூங்கக் கூடாது. அதில் எழும் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் உயிரைக் குடிக்கும், இந்த மலைகளில் அப்படி இறந்தவர்கள் உண்டு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களைத் தங்கவைக்கும் விடுதி, கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவரின் விவரத்தையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். சிறிய தங்கும் வீடுகள் சில இதற்குத் தயங்கி வாசலில் கைவிரித்துவிடும் என்பதால் முன்னரே கேட்டுவிடுவது நல்லது. கொடைக்கானலில் ஏரிக்கு நடந்து போகும் தொலைவில் தங்குங்கள். வட்டக்கானல் போன்ற இடங்கள் இளைஞர்களுக்கு ஏற்றவை. பல விடுதிகளுக்குப் படியிறங்கித்தான் போக வேண்டும், மழையில் பிள்ளையையும் பெட்டியையும் ஒருசேரத் தூக்க முடியாது.

மூன்று இரவுகள் தங்கினால் ஒரு நாளைக்கு ஓர் இடம் என்பதே போதுமான அளவு. காலை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் வெளியே போய்த் திரும்புவது நல்லது. பிற்பகலில் மேகம் இறங்கி மழை பிடிப்பது இந்த மாதங்களின் வழக்கம். குன்னூரில் 1874இல் உருவான சிம்ஸ் பூங்கா சரிவில் அமைந்தது என்றாலும் பிள்ளைகள் ஓடுவதற்கு உதகைப் பூங்காவைவிட அமைதியானது. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இலை வாடி, நசுங்கி, புளித்துத் தூளாவதைக் காட்டினால் அரை மணி நேரம் கண் இமைக்காமல் பார்ப்பார்கள். இலங்கை மலையகத்தோடு தொடர்புள்ள குடும்பங்களுக்கு இங்கே பிள்ளைகளிடம் சொல்ல வேறொரு கதையும் உண்டு: இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி திரும்பி வந்த தமிழர்களுக்கு வேலை தருவதற்காகவே கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பகுதிகளில் தமிழ்நாடு அரசின் தேயிலை நிறுவனமான 'டான்டீ'யின் தோட்டங்கள் விரிவடைந்தன.

கொடைக்கானலில் ஏரியைச் சுற்றியுள்ள ஐந்து கிலோமீட்டர் சாலையே பிள்ளைகளுக்குப் போதும். மிதிவண்டி, படகு, வேகவைத்த சோளம் என்று ஒரு காலை கழிந்துவிடும். மறுநாள் குறிஞ்சி ஆண்டவர் கோயில். இலங்கைத் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியாரான லீலாவதி அம்மையார், ஆஸ்திரேலியாவில் பிறந்து சைவத்தைத் தழுவியவர், 1936இல் எழுப்பிய கோயில் அது. யாழ்ப்பாணத்துப் பேரர்களை அழைத்து வரும் தாத்தா பாட்டிகள் இதைத் தெரிந்துகொண்டு போனால் பேச நிறைய இருக்கும். குறிஞ்சிப் பூவை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் அது 2018இல் பெருமளவில் பூத்தது, அடுத்தது 2030. மூன்றாம் நாள் வானம் வெளுத்திருந்தால் பூம்பாறை வழியாக மன்னவனூருக்குப் போகலாம். அங்குள்ள மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையமும் புல்வெளியும் ஏரியும் சிறுவர்களுக்கு எந்தக் காட்சிமுனையையும்விட மேலானவை. ஆனால் நகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து செல்ல வேண்டும். முதல் நாள் வாந்தி எடுத்த பிள்ளை என்றால் விட்டுவிடுங்கள். தூண்பாறை, குணா குகைப் பக்கம் கூட்டம் மிகுதி.

குரங்குகளுக்கு முன்னால் பிஸ்கட் பொட்டலத்தைப் பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் மூன்றிலும் காட்டுமாடுகள் தெருவுக்கே வரும். சாதுவாகத் தெரிந்தாலும் படம் எடுக்க அருகே போவது ஆபத்து. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்தில் கரடி நடமாட்டமும் உண்டு என்பதால் இருட்டிய பின் தேயிலைத் தோட்டப் பாதைகளில் உலாவ வேண்டாம். மழைக்குப் பின் சோலைக்காடுகளில் அட்டை ஏறும். நீண்ட காலுறையும் கையளவு உப்பும் போதும்.

2024 மே மாதம் முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி, இரண்டு மலைகளுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெற்றே ஏற வேண்டும். வாடகை வண்டி என்றால் ஓட்டுநரே எடுத்துவிடுவார். உறவினரின் காரில் போனால் அவர் தம் கைப்பேசி எண்ணில் எடுக்கலாம், வெளிநாட்டவர் மின்னஞ்சல் வழியாகவும் பதிவு செய்யலாம். நடைமுறை அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். நீலகிரியில் நெகிழித் தண்ணீர்ப் புட்டிகளுக்குத் தடை உண்டு, சோதனைச் சாவடியில் பறித்துவிடுவார்கள். எவர்சில்வர் புட்டிகளும் வெந்நீர்க் குடுவையும் கொண்டு போனால் பால்மாவு கலக்கவும் உதவும். பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பொடி, பிள்ளை வழக்கமாக எடுக்கும் மருந்து ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். அவசர ஊர்திக்கு எண் 108.

விமானத்துக்கு முந்தைய நாளே மலையிலிருந்து இறங்கி, கோவையிலோ மதுரையிலோ ஓர் இரவு தங்கும்படி திட்டமிடுங்கள். இறங்கும்போதும் காலை நேரமே நல்லது; பிற்பகல் மழையில் பாதை அடைபட்டால் விமான நிறுவனம் காத்திருக்காது. தாழ இறங்க இறங்கக் காது அடைப்பதால் கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதை வளைவுகள் முடியும் அடிவாரத்துக்குத் தள்ளிப்போடாமல், வழியில் வண்டியை நிறுத்திக் கொடுத்துவிடுங்கள்.