அங்கோலே மாட்டை அடையாளம் காண, கொம்பைக் கடைசியாகப் பாருங்கள்

உகாண்டா, ருவாண்டா பக்கத்து நீளக் கொம்பு மாட்டினம் அங்கோலே; அமெரிக்காவில் வளரும் அதன் வழிக்கு 'வட்டுசி' என்று பெயர். ஆனால் நீளக் கொம்போடு ஓர் ஆப்பிரிக்க மாட்டுப் படம் வந்தால் போதும், கீழே யாராவது 'வட்டுசி' என்று எழுதிவிடுகிறார்கள். பாதி நேரம் அது தப்பு. கொம்பு கண்ணைப் பறிப்பதால் மற்றதை யாரும் பார்ப்பதில்லை.

முதலில் திமிலைப் பாருங்கள். திமிலில்லாத பழைய ஆப்பிரிக்க மாடும் திமிலுள்ள செபு மாடும் கலந்து உருவான சங்கா கூட்டத்தைச் சேர்ந்தது அங்கோலே. அதனால் திமில் சின்னதாக, கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் சற்று முன்தள்ளி இருக்கும், பசுவில் தேடித்தான் பிடிக்க வேண்டும். தோளுக்கு நேர்மேலே பெரிதாக எழுந்து நின்றால் அது செபு. திமிலே இல்லாமல் கொம்பு மட்டும் குடம்போல ஊதியிருந்தால் சாடு ஏரிக்கரைக் குரி மாடு, அது வேறு கதை.

அப்புறம் கொம்பு. நீளம் வயதோடு ஏறும் என்பதால் கிடேரியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அடித்தடிமனையும், வெளியே விரிந்து மேலே வளையும் யாழ் வடிவத்தையும் கவனியுங்கள். உயிருள்ள கொம்பின் உள்ளே தேன்கூடு போன்ற எலும்பில் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன, உடம்புச் சூட்டை வெளியேற்றவும் அது உதவுகிறது.

இனி வட்டாரம். அங்கோலேயிலேயே ஊருக்கு ஊர் வகை மாறும், சிக்கல் இங்கேதான். தென்மேற்கு உகாண்டாவில், இம்பராரா பக்கம், பஹிமா மக்கள் வளர்ப்பதுதான் பலரும் படத்தில் பார்க்கும் வகை. அவர்கள் பெரிதும் விரும்பும் நிறம் 'பிஹோகோ', நம் பேச்சில் கருஞ்செவலை. ருவாண்டாவில் அரண்மனைக்கென்றே பொறுக்கி வளர்த்தது 'இன்யாம்போ', உயரமும் கொம்பும் அதற்குத்தான் அதிகம்; ஊரார் வைத்திருந்த சாதாரண மாடு 'இன்குகு'. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. கிவு ஏரிக்கு மேற்கே, காங்கோ மலைப்பகுதியில் இருக்கும் பாஷி வகையும் உகாண்டாவின் கிகேசி வகையும் இவ்வளவு ஆடம்பரமில்லாதவை. 1890களில் வெக்கை நோய் வந்து மந்தை மந்தையாக வாரிக்கொண்டு போனதால், மிஞ்சியவற்றிலிருந்து பெருகிய மாடுகளில் சுத்தமான எல்லைக்கோடு தேடாதீர்கள்.

படத்தில் அமெரிக்கப் பண்ணை தெரிந்தால் மட்டும் 'அங்கோலே வட்டுசி' என்று தாராளமாக எழுதலாம். அங்கே 1983இல் தனிப் பதிவேடே தொடங்கி, கொம்புக்காகவே பொறுக்கி வளர்க்கிறார்கள். உகாண்டாவில் எடுத்த படத்தில் கொம்பு குட்டையாகி உடம்பில் கறுப்பு வெள்ளைத் திட்டு இருந்தால், பாலுக்காக ஐரோப்பியக் கறவை இனமான ஃப்ரீசியனோடு கலந்திருக்கிறார்களா என்று யோசியுங்கள். அங்கோலே பால் குறைவாகத்தான் கறக்கும், கொழுப்பு அதிகம்.

நேரில் பார்க்க வேண்டுமானால் உகாண்டாவின் இம்புரோ ஏரிப் பக்கம் போகலாம், அல்லது ருவாண்டாவில் நியான்சா அரண்மனை அருங்காட்சியகத்துக்குப் போய், மேய்ப்பர்கள் இன்யாம்போவுக்குப் பாட்டுப் பாடுவதையும் கேட்கலாம். பக்கத்தில் நின்று படமெடுக்கிறவர்கள் ஓர் ஆள் நீளமாவது தள்ளி நில்லுங்கள். ஈ விரட்ட அது சாதாரணமாகத் தலையைத் திருப்பினாலே நுனி உங்கள் முகத்தருகே வந்துவிடும்.