சி.என். ரவர்: ஏறுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரிலிருந்து அம்மா, அப்பா, மாமா என்று யார் ரொறன்ரோவுக்கு வந்தாலும், நயாகராவுக்கு அடுத்தபடியாக நாம் கூட்டிக்கொண்டு போகிற இடம் சி.என். ரவர் என்ற கோபுரம். உயரம் 553 மீற்றர். 1976இல் பொதுமக்களுக்குத் திறந்தபோது, இழுவைக் கம்பிகள் இல்லாமல் தானாக நிற்கும் கட்டுமானங்களில் உலகிலேயே உயரமானது இதுதான். 2007இல் துபாயின் புர்ஜ் கலீபா முந்தும்வரை அந்தப் பெயர் இதற்கே இருந்தது. குடும்பமாக ஏறி இறங்கினால் நல்ல செலவு. ஆனால் காசு கொடுத்தும் பலர் அரைகுறையாகப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

முக்கிய காரணம், வானத்தைப் பார்க்காமல் நாளைக் குறிப்பது. எல்லோருக்கும் லீவு கிடைக்கிற சனிக்கிழமை ஒன்றைப் பார்த்து, இரண்டு வாரம் முன்பே சீட்டு எடுத்துவிடுகிறோம். பார்வைத் தளம் இருப்பது 346 மீற்றர் உயரத்தில். ஏரிக்கரை நகரம் என்பதால் தாழ்ந்த முகில் வந்தால் அந்தத் தளமே முகிலுக்குள் போய்விடும். கீழே நின்று பார்க்கும்போது கோபுரத்தின் தலை தெரியவில்லையா, மேலே போனாலும் நகரம் தெரியாது. முடிந்தால் இரண்டு மூன்று நாட்களை ஒதுக்கி வைத்துக்கொண்டு, முதல் நாள் இரவு வானிலை பார்த்து எடுங்கள். வார நாளானால் இன்னும் நல்லது. ஜூலை மாதத்து ஈரப்பதமான மதியத்தில் வெயில் பளிச்சென்று இருக்கும், ஆனால் தூரம் எல்லாம் மங்கல். மழை பெய்து ஓய்ந்து, வடக்குக் காற்று வீசுகிற மறுநாள்தான் ஏரிக்கு அக்கரை வரை கண் போகும்.

அடுத்தது நேரக் கணக்கு. ஊரில் ஆறு, ஆறரைக்கு இருட்டிவிடும் என்ற பழக்கத்தில், சூரிய அஸ்தமனம் பார்க்கலாம் என்று ஜூன் மாதம் ஆறு மணிக்குச் சீட்டு எடுப்பவர்கள் உண்டு. அந்த மாதம் இங்கே சூரியன் மறைவது இரவு 9 மணியளவில். டிசம்பரிலோ மாலை 5 மணிக்கு முன்பே மறைந்துவிடும். சீட்டில் இருப்பது உள்ளே போகிற நேரம். அதற்குப் பிறகும் பாதுகாப்புச் சோதனை, லிஃப்ட் வரிசை எல்லாம் இருக்கின்றன. லிஃப்ட் மேலே போக 58 விநாடிதான், அதற்காகக் காத்திருப்பது அப்படியல்ல! அஸ்தமனத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பாக உள்ளே போனால் பகல் நகரத்தையும், விளக்கேற்றிய நகரத்தையும் ஒரே சீட்டில் பார்த்துவிடலாம்.

நகரின் கிழக்கே உள்ள ஸ்காபரோவிலிருந்து காரில் போவதும் வீண் வேலை. பக்கத்திலேயே ரோஜர்ஸ் சென்ரர் விளையாட்டரங்கு. புளூ ஜேஸ் பேஸ்போல் அணியின் ஆட்டம் இருக்கும் நாளில் வாகனத் தரிப்பிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைத்தாலும் கட்டணம் கண்ணைக் கட்டும். கோ (GO) என்ற புறநகர் ரயிலில் யூனியன் நிலையத்தில் இறங்கி, கூரையிட்ட நடைபாதை வழியாகவே நடந்துவிடலாம். வயதானவர்களோடு பனிக்காலத்தில் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. விமான நிலைய ரயிலில் வந்து இறங்கி, சூட்கேசோடு நேரே ரவருக்குப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பெரிய பைகளை மேலே விடமாட்டார்கள்.

உணவகத்தில் சாப்பிடும் எண்ணம் இருந்தால் தனியாக நுழைவுச்சீட்டு வாங்குமுன் விசாரியுங்கள். சுழலும் உணவகத்தில் முழுச் சாப்பாடு எடுப்பவர்களுக்குப் பார்வைத் தளத்துக்கான அனுமதி அதிலேயே சேர்ந்துவிடும். இரண்டுக்கும் காசு கட்டியவர்கள் நிறையப் பேர். சைவம் என்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

447 மீற்றரில், முன்பு ஸ்கைபொட் என்று அழைக்கப்பட்ட மேல் தளத்துக்குக் கூடுதல் கட்டணம். என் அபிப்பிராயம், முதல் தடவை போகிறவர்களுக்கு அது தேவையில்லை. இடம் சிறியது. காற்று பலமாக இருந்தால் ஆட்டமும் தெரியும். அது பழுது அல்ல, இவ்வளவு உயரமான கட்டுமானம் காற்றுக்கு வளைந்து கொடுக்கும்படியே கட்டப்பட்டது. பிள்ளைகளுக்குக் குதூகலம் 1994இல் திறந்த கண்ணாடித் தரைதான். பயப்படும் பெரியவர்களைக் கையைப் பிடித்து அதன்மேல் இழுக்க வேண்டாம், சுற்றிவர வேறு இடம் இருக்கிறது.

வெளி விளிம்பில் நடக்கிற எட்ஜ்வோக் என்பது தனி நிகழ்ச்சி, தனிச் சீட்டு. கைப்பேசி, கைக்கடிகாரம், நகை எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்வார்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் காசு கட்டுமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பனிக்காலத்தின் முடிவில் கோபுரத்தைச் சுற்றிக் கயிறு கட்டித் தடுத்திருந்தால் குறுக்கே புகுந்து படம் எடுக்கப் போகாதீர்கள். மேலே உறைந்த பனிக்கட்டி உருகி, பெயர்ந்து விழும். 2007 மார்ச்சில் அதனால் பக்கத்தில் உள்ள கார்டினர் விரைவுச்சாலையையே மூடினார்கள்.

படம் என்றதும் இன்னொன்று. மேலே நின்று எடுக்கிற நகரத்தின் படத்தில் சி.என். ரவர் இருக்காது. கைப்பேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் பிரதிபலிப்பு குறையும், அவ்வளவுதான். ரவரோடு நகரம் முழுவதும் வேண்டுமென்றால் ஜாக் லேய்ற்றன் துறையில் படகேறி ரொறன்ரோத் தீவுகளுக்குப் போக வேண்டும். கோடை வார இறுதியில் படகுக்கும் நீண்ட வரிசைதான். காலையிலேயே போய்விடுங்கள்.